இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

கல்கத்தாவில் ஆங்கில ராக் பாட்டு வாசிக்கும் ஒரு குழு, ஒவ்வொரு பாட்டையும் தமிழில் எண்ணித்தான் ஆரம்பிக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எங்கள் டிரம்ஸ்காரன் என் சொந்த அண்ணா. கல்லூரி நாட்களில் முதல் முறை மேடை ஏறியபோது பதற்றத்தில் அவனுக்கு இங்கிலீஷ் வாயில் வரவில்லை. குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று ஆரம்பித்துவிட்டான். நாற்பது வருஷத்துக்கு மேலாக அதுவே வழக்கமாகிவிட்டது. கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் பாலிகஞ்ச் வங்காளி. பேஸ் கிதார்காரன் கிடர்பூரில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியன். இரண்டு பேருக்கும் தமிழில் நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். ஐந்து தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. எங்களுக்குள் பேச்செல்லாம் வங்காளமும் இங்கிலீஷும் கலந்துதான். கீபோர்டு நான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் இந்தக் குழு இத்தனை காலம் உடையாமல் இருக்கிறது என்பது என் கட்சி. மற்ற மூவரும் வேறு விதமாகச் சொல்வார்கள். அவர்களைக் கேட்காதீர்கள்.

போன குளிர்காலத்தில் கிதார்காரனுக்கு ஒரு ஆசை வந்தது. வாலிபத்தில் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களிலும் கல்லூரி விழாக்களிலும் வாசித்துத் தள்ளினோமே தவிர, ஒரு பாட்டைக்கூட நாங்கள் பதிவு செய்து வைத்துக்கொள்ளவில்லை. அப்போது வாசித்த வெள்ளைக்காரப் பாட்டுகளில் நல்லதாகப் பொறுக்கி ஒரு ஆல்பமாகப் போட்டுவிடலாம் என்றான். "யார் கேக்கப்போறா?" என்று கேட்டேன். "நாமதான் கேப்போம். வேற யாரு வேணும்?" என்றான். ஒப்புக்கொண்டேன். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் என் வீட்டுக் கீபோர்டின் மேல் இஸ்திரி போடாத துணிதான் குவிந்து கிடந்தது.

கவலை எல்லாம் அண்ணாவைப் பற்றித்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஹவுராவில் மன்னியோடு இருக்கிறான். அதற்கு முந்தைய வருஷம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. நல்ல வேளை, லேசானது. வலது கை சுரத்தில்லாமல் போயிற்று, நாக்கு கொஞ்சம் தடித்தது. கைக்குப் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள், பிசைந்துகொண்டே இருக்கச் சொல்லி. அண்ணா பந்தைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டு டிரம்ஸ் குச்சியை எடுத்துக்கொண்டான். தலையணையில் வாசித்தான். பிறகு சாப்பாட்டு மேஜை, சமையல் மேடை, மன்னி கவிழ்த்து வைத்த குக்கர். டம்ளர் பிடிக்க முடியாத கை, குச்சியைப் பிடித்தது. மன்னி டாக்டரிடம் புகார் சொன்னாளாம். பந்தைவிட இது மேல் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் ஒரு பாட்டுக்கு மேல் அந்தக் கை தாங்காது. எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் சேர்த்துக்கொள்வது. ஒரே ஒரு பாட்டு மட்டும் அண்ணாவுக்கு. எது என்று யாரும் கேட்கவேயில்லை. அது கடைசிப் பாட்டுதான். எங்களுக்குள் அதற்குப் பெயரே அப்படித்தான்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்யப் போகிற அன்று காலை மன்னி என்னைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்.

"ஒரு தரம் வாசிக்கட்டும். அதுக்கு மேல வேண்டாம். கை நடுங்க ஆரம்பிச்சா டாக்ஸியில ஏத்தி அனுப்பிடு."

"சரி மன்னி."

"ஆனா வாசிக்காம மட்டும் அனுப்பிடாதே. ஒரு வருஷமா எங்காத்துல தூங்கற தலையணைக்குக்கூட நிம்மதி இல்லே. வாசிக்காம திரும்பி வந்தார்னா அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது." சொல்லும்போது சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

அந்தக் கடைசிப் பாட்டின் கதையைச் சொல்லவேண்டும். காலேஜில் படிக்கும்போது அண்ணா ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய இசைத்தட்டுக் கடையிலிருந்து அந்தத் தட்டை வாங்கி வந்தான். இரண்டாம் பக்கத்தில் கடைசியாக, யாரும் சீந்தாமல் ஒதுங்கிக் கிடந்த பாட்டு. ரேடியோவில் ஒரு நாளும் போட்டதில்லை. அப்பாவின் கிராமபோனில் அதைப் போட்டுக் கேட்டோம். அப்பா கச்சேரி கேட்பதற்காக வாங்கியது அது. மூன்றாவது சரணம் முடிந்து, குரல் ஓய்ந்து கிதார் எழும் இடத்தில் பாட்டு நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்து, திடீரென்று, இரண்டு நாலு சேர்ந்து எட்டு வரவேண்டிய இடத்தில், ஐந்தே எண்ணிக்கையில் ஒரு தாவு தாவி, மறுபடி நாலில் வந்து உட்காரும். அண்ணா சின்ன வயதில் மிருதங்கம் படித்தவன். துள்ளி எழுந்துவிட்டான்.

"கண்டம்டீ. கண்டத்துக்குப் போயிட்டு வரான் பாரு. தக தகிட. வெள்ளைக்காரன் என்ன கணக்குப் போடறான்."

கண்டம் என்றால் மிருதங்கக்காரர்கள் பாஷையில் ஐந்து. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் பிசகாமல் அதே இடத்தில் அதே தாவல். அண்ணா அதற்கு, மிருதங்கத்தில் முடிப்பது போல, அழகாக ஒரு தீர்மானம் கட்டினான். கிதார்காரனும் பேஸ்காரனும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பாடம் பண்ணினார்கள். ஐந்து வரை எண்ணத் தெரியாததால் "தக தகிட" என்று வாயால் சொல்லிச் சொல்லியே பழகினார்கள். ராக் பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் அப்பா அன்று பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாவி நாலில் இறங்கினோமே, அந்த இடத்தில் உள்ளிருந்து "பேஷ்" என்று ஒரு குரல் வந்தது. எங்கள் சங்கீதத்துக்கு அப்பா தந்த ஒரே பாராட்டு அதுதான். அண்ணா அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

பிறகு எங்கே வாசித்தாலும் அந்தப் பாட்டோடுதான் முடிப்போம். கல்கத்தாவில் எங்கள் காலத்துக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டு எங்களால்தான் தெரியும். சேர்ந்து கை தட்டுகிறவர்கள்கூட அந்த இடத்தில் சரியாகத் தாவுவார்கள்.

பதிவுக் கூடம் கரியாஹாட்டில் ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்துகிறவள் முப்பது வயது வங்காளிப் பெண். என்னை மாஷி என்பாள், மற்ற மூவரையும் காக்கு என்பாள். சித்தி, சித்தப்பா மாதிரி. மன்னி கொடுத்தனுப்பிய புளியோதரையைக் கிதார்காரன் பதிவு ஆரம்பிக்கும் முன்பே பாதி காலி பண்ணிவிட்டான். தான் கொண்டுவந்த மீன் கட்லெட்டை எங்கள் பக்கம் நீட்டி, எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசாரம் வேறு. நாற்பது வருஷமாக இந்த ஒரே ஹாஸ்யம். நாற்பது வருஷமாக நானும் அவன் கையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மற்றப் பாட்டுகள் முந்தைய நாட்களிலேயே முடிந்துவிட்டன. அன்றைக்கு அண்ணாவின் பாட்டு மட்டும். டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு களை. பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வேகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண் மூலப் பாட்டை நெட்டில் தேடி எடுத்துப் பெரிய ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் தட்டு உடைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதன் பிறகு யாரும் மூலத்தைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்கவேண்டும்? பெற்ற பிள்ளை எப்படி இருப்பான் என்று யாராவது போட்டோ எடுத்துப் பார்ப்பார்களா? நாலு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டோம். மூன்றாவது சரணம் முடிந்தது. கிதார் வந்தது. தாவல் வரும் இடத்தில் நாலு தலையும் சேர்ந்து தாவியது. பாட்டு தாவவில்லை. அது பாட்டுக்கு நாலு நாலாக நேரே போய்க்கொண்டிருந்தது.

"நெட் சரியில்லையா?" என்று கேட்டான் பேஸ்காரன். அவன் வாய் திறப்பதே அபூர்வம்.

இன்னொரு முறை போட்டாள். வேறொரு இடத்திலிருந்து எடுத்துப் போட்டாள். எல்லாவற்றிலும் பாட்டு நேராகத்தான் போனது. மூலத்தில்தான் ஏதோ கோளாறு, எங்கள் இசைத்தட்டில் தாவியதே என்று நாங்கள் சாதித்தோம். அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று தயங்கி, "உங்க ரெக்கார்டுல கீறல் இருந்திருக்குமோ, காக்கு? ஊசி குதிச்சிருக்கும்," என்றாள்.

முதலில் சிரித்தது அண்ணாதான். தோள் குலுங்கச் சிரித்தான். "கண்டமாவது, கத்தரிக்காயாவது. அப்பா பேஷ்னு சொன்னது ஒரு கீறலுக்குடீ." எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தத் தட்டைக் கீறிவைத்த புண்ணியவான் யாரோ, அவனை மேதை என்று நினைத்து ஒரு ஆயுசையே ஓட்டியிருக்கிறோம்.

கிதார்காரன் சிரிக்கவில்லை. "மாத்தணும். நேரா வாசிச்சிடலாம்," என்றான்.

"எதுக்கு?" என்றேன்.

"ஒரிஜினல் எல்லார் போன்லயும் இருக்கு. பக்கத்துல வச்சுக் கேப்பாங்க. கிழங்களுக்குத் தாளம் தப்பிப்போச்சுன்னு சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. நாமே இப்பத்தானே சிரிச்சோம்."

அவன் அண்ணா பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்தி வங்காளத்தில் என்னிடம் சொன்னான். "நம்மளப் பாத்துச் சிரிக்கமாட்டாங்க. அண்ணாவுக்குக் கை போச்சு, அதனாலதான் தப்பிடுச்சுன்னு சொல்வாங்க. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவனும் அண்ணாவை அண்ணா என்றுதான் கூப்பிடுவான், அதுதான் பெயர் என்பது போல. சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது. நியாயமில்லாத மனுஷனோடு சண்டை போடுவது எவ்வளவோ சுலபம்.

குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம்? கூடம் முழுக்க மைக். அண்ணா ஹெட்போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். "அவன் சொல்றது சரிதான். நேராவே வாசிக்கறேன்," என்றான்.

வாசித்துப் பார்த்தான். அந்த இடம் வரும்வரை கை சொன்னபடி கேட்டது. இடம் வந்ததும் கால் தானாகத் தாவிற்று. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி தாவினான். மூளை சொன்னாலும் உடம்பு கேட்கவில்லை. அவனுடைய தலையணைப் பயிற்சி முழுக்க அந்தத் தாவலில்தானே. இன்னும் சில முறை முயன்றதும் வலது கை தளர்ந்து குச்சி வழுக்க ஆரம்பித்தது. மன்னி சொன்ன நடுக்கம் லேசாகத் தெரிந்தது.

குச்சிகளைத் துணிப்பையில் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினான்.

"இதுக்கும் மெஷினே வாசிக்கட்டும். அது தப்புப் பண்ணாது. நான் கீழ போய் டீ குடிச்சுட்டு வரேன்."

"நானும் வரேன்."

"நீ வாசி," என்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். திரும்பி வந்து கிதார்காரனைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வங்காளத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவன் மேல் கொட்டினேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் எதையோ துடைப்பது போல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தாள்.

சரி, வந்த காரியத்தை முடிப்போம் என்று மெஷினோடு ஆரம்பித்தோம். காதுக்குள் டிக் டிக் டிக் டிக். அதோடு நின்றது. யாரும் வாசிக்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு" வராமல் எங்களுக்கு எடுக்கத் தெரியவில்லை. மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் அண்ணா ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொடுத்திருந்தான் என்பதே அப்போதுதான் உறைத்தது. நான் எண்ணினேன். என் குரலில் அது மளிகைக் கடையில் தேங்காய் எண்ணுவது போல் இருந்தது. எப்படியோ ஆரம்பித்தோம்.

அந்த இடம் வந்தது. நான் தாவிவிட்டேன். மெஷின் நேரே போய்விட்டது. "ஸாரி," என்றேன். அடுத்த முறை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், பேஸ்காரன் தாவினான். மூன்றாவது முறை கிதார்காரன் கண்ணை மூடிக்கொண்டு ரொம்பப் பக்தியாக வாசித்தான். நேராகப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன், எல்லோருக்கும் முன்னால் அழகாக ஐந்தில் தாவி நாலில் இறங்கினான். அவன் பின்னால் நாங்கள் இருவரும் இறங்கினோம். மூன்று பேரும் சரியாகச் சேர்ந்திருந்தோம். மெஷின் மட்டும் தனியாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "மெஷினை நிறுத்திடட்டுமா, காக்கு?"

கிதார்காரன் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கினான். அவனுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நான் ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில், மண் குவளையை இடது கையில் பிடித்தபடி அண்ணா உட்கார்ந்திருந்தான். துணிப்பை மடியில் இருந்தது. இவன் போய் எதிரே நின்றான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, கீழே பஸ் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். துணிப்பை இப்போது கிதார்காரன் தோளில் இருந்தது.

"என்ன சொன்னான்?" என்று அண்ணாவைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலே. மாடி ஏற முடியலே, கை குடுன்னான்."

டிரம்ஸின் பின்னால் மறுபடி உட்கார்ந்தான். காதில் டிக் டிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். குச்சியைத் தட்டி எண்ணினான். நாக்குத் தடிப்பினால் "நாலு" கொஞ்சம் குழைந்து வந்தது. அது போதும். நாலு பேரும் ஒன்றாக எடுத்தோம்.

நான் கீபோர்டைப் பார்க்கவேயில்லை. அண்ணாவின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணம், இரண்டாவது சரணம். கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது சரணம் முடிந்து கிதார் எழுந்ததும், தாவலுக்கு ஒரு மூச்சு முன்னால், குச்சி கையை விட்டு நழுவிப் பறந்து என் காலடியில் வந்து விழுந்தது. போச்சு என்று நினைத்தேன். அண்ணா குனியக்கூட இல்லை. இடது கையும் காலும் மட்டுமாகத் தக தகிட என்று தாவினான். நாங்கள் மூவரும் அவனோடு தாவி நாலில் இறங்கினோம். மீதிப் பாட்டு முழுக்க ஒற்றைக் கையில்தான் வாசித்தான். கடைசி அடியை அடித்து, அதிரும் வெண்கலத் தட்டை விரலால் பிடித்து நிறுத்தினான்.

அப்போது பேஸ்காரன் மெதுவாக, "பேஷ்," என்றான்.

அப்பா சொன்ன அதே மாதிரி, உள்ளறையிலிருந்து வருவது போல அந்தக் குரல் இருந்தது. அன்றைக்கு எங்கள் கூடத்தில் அவனும் இருந்தானே. இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அண்ணா அவனைப் பார்த்தான். சிரிக்கத்தான் நினைத்தான், கண்ணில் தண்ணீர் முந்திக்கொண்டது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"விட்டுப்போன அடிகளை நான் கம்ப்யூட்டர்ல சேத்துடவா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தொடாதே," என்றான் கிதார்காரன்.

போன் அடித்தது. மன்னி. "வாசிச்சாரா?" என்றாள். எடுத்த எடுப்பிலேயே அதுதான்.

"வாசிச்சான் மன்னி. ஆச்சு. டாக்ஸி பிடிச்சு அனுப்பிடறேன்."

"ஆகலேன்னு சொல்லு," என்றான் அண்ணா. இடது கையை நீட்டி, கீழே கிடந்த குச்சியை எடுத்துத் தரும்படி எனக்குச் சைகை காட்டினான். "இப்பத்தான் கை சூடு பிடிச்சிருக்கு. இன்னொண்ணு போடலாம்."

கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் நின்றேன். பிறகு குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வலது கையில் வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டான். கிதார்காரன் ஏற்கெனவே கிதாரை மாட்டிக்கொண்டு நின்றான். போனில் மன்னி, "என்னடீ, என்ன சொல்றார் அவர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்வதற்குள் அண்ணா எண்ண ஆரம்பித்துவிட்டான்.